மீனுக்கு முன்னே நீர்

காண்பதற்கு எளிதாகத் தோன்றிக் கைக்கொண்ட பின்னரே தம் அருமையைக் காட்டும் காரியங்கள் உலகில் பல. கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது அவற்றுள் ஒன்று. ஆடு பசித்தால் கத்துகிறது. கோழி நோயுற்றால் ஒடுங்கி நின்று காட்டுகிறது. மீனோ குரலற்ற உயிர். அதன் துன்பத்தை அது வாழும் நீர் ஒன்றே அறியும். ஆதலின் மீன் வளர்க்கப் புகுவோர் முதற்கண் வளர்க்க வேண்டுவது மீனை அன்று, நீரை. நீரையும் வளர்ப்பதுண்டோ என்று வாசக அன்பர்கள் வியக்கலாம். கோவையில் நம் இல்லத்தில் நிகழ்ந்ததைக் கூறினால் அவ்வியப்பு நீங்கும்.

நம் மகள் வயிற்றுப் பேரன் எட்டு வயதினன். கோடை விடுமுறையில் பொருட்காட்சி ஒன்றுக்குச் சென்றவன், உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றில் இரண்டு தங்கமீன்களை வாங்கி வந்தான். கிண்ணம் நான்கு லிட்டர் நீர் கொள்ளும். நாள்தோறும் நீரை முழுவதும் மாற்றிவிட வேண்டும் என்பது விற்றவர் தந்த அறிவுரை. பேரன் ஒரு நாளும் தவறவில்லை. காலையில் பல் துலக்குவதற்கு முன்னரே குழாயடிக்குச் சென்று கிண்ணத்தைக் கழுவிப் புதுநீர் நிரப்பினான். எட்டாம் நாள் ஒரு மீன் இறந்தது, மறுநாள் மற்றொன்று.

பிள்ளைகள் அழுது ஆறுவர் என்றுதான் வீட்டார் எண்ணினர். அவன் அழவில்லை. அடுத்த வீட்டில் பொரித்திருந்த கோழிக்குஞ்சுகளைத் தூக்கிப் பார்க்க அழைத்தபோது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். இரவில் நம் பக்கத்தில் படுத்திருந்தவன் மெல்ல வினவினான்: “நன்னா, என் கை ராசியில்லாத கைங்களா? நான் தொட்டா எல்லாம் செத்துப் போயிருமுங்களா?”

எட்டு வயதுப் பிள்ளையின் உள்ளத்தில் இத்தகைய எண்ணம் வேரூன்றுவது சிறிய செய்தி அன்று. “அப்படியெல்லாம் இல்லை, கண்ணு” என்று சொல்லிவிடலாம். ஆயின் இரண்டு மீன்களின் சாவைக் கண்ணாற் கண்டவனுக்குச் சொல் எம்மட்டு? அவன் கையால் மீண்டும் மீன் விட்டு, அவை வாழ்வதை அவனே காண வேண்டும். அது ஒன்றே மருந்து என்று நாம் துணிந்தோம். மகளுக்கு இது உவப்பாயில்லை. “இன்னொரு தடவை அவன் மனசு உடையறதுக்கா அத்தா? இனி இந்த வீட்டுக்குள்ள மீனே வேண்டாமுங்க” என்றாள். அவளது அச்சத்திலும் நியாயம் இருந்தது. இம்முறை தவறினால் அவனது எண்ணம் உறுதிப்பட்டுப் போகும். ஆதலின் கடைக்குச் செல்லுமுன், அம்மீன்கள் எதனால் இறந்தன என்பதை அறிந்துகொள்ள முற்பட்டோம்.

மீன் தான் உண்ட உணவின் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகத் தன் செவுள்களின் வழியே நீரில் விட்டுக்கொண்டே இருக்கிறது. அடியில் தங்கிய எச்சமும், தின்னாது எஞ்சிய தீனியும் அழுகி அதே அம்மோனியாவைப் பெருக்குகின்றன. இதற்கு நிறமில்லை, நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். ஆயினும் அது செவுளை அரிக்கும் நஞ்சு. சரி, நாள்தோறும் நீரை மாற்றினால் நஞ்சு நீங்குமே எனின், குழாயில் வரும் நீர் கிருமி நீக்கத்துக்காகக் குளோரின் கலந்தது. மனிதர்க்கு நன்மையாகும் அதுவே மீனின் செவுளுக்குப் பகை. அந்தியில் அம்மோனியா, விடியலில் குளோரின் என இரு நெருப்புக்கிடையே அம்மீன்கள் வாழ்ந்திருக்கின்றன. மேலும், சீன நாட்டில் ஆயிரம் ஆண்டுகளாக வளர்க்கப்பட்டுவரும் தங்கமீன், ஒரு சாணுக்கு மேல் வளரவும் பத்தாண்டுகளுக்கு மேல் வாழவும் வல்லது. நான்கு லிட்டர்க் கிண்ணம் அதற்கு எக்காலத்தும் வீடாக முடியாது. பிள்ளையின் கையில் குறையில்லை. அவனுக்குக் கிடைத்த பாத்திரத்திலும் அறிவுரையிலுமே குறை.

நம் பக்கத்துப் பழைய பள்ளிவாசல்களில் ஒளுச் செய்வதற்கென ஹவுள் உண்டு. அவற்றுள் பலவற்றில் மீன்கள் நீந்துவதை அன்பர்கள் கண்டிருப்பர். கொசுப்புழுவை அவை தின்றுவிடும் என்பதற்காக விடப்பட்டவை. அங்கே நீர் இறைக்கும் கருவியோ காற்றுக் குழலோ இல்லை. மீன்களோ தலைமுறை தலைமுறையாய் வாழ்கின்றன. காரணம் யாது? ஹனஃபி சட்ட நூல்கள் பெருநீருக்குப் பத்து முழத்துக்குப் பத்து முழம் என்று அளவு கூறுவதை மதரஸாவில் ஓதியோர் அறிவர். ஆழம் மூன்றடி எனக் கொண்டால் அது ஏறத்தாழ 19,000 லிட்டர். அத்துணைப் பெரிய நீரில் சில மீன்களின் கழிவு கரைந்து மறைந்துபோகிறது. அதற்கும் மேலாக, பாசி படர்ந்த அதன் கற்சுவர்களில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் குடியிருந்து, அக்கழிவைத் தின்று நீரைத் துப்புரவு செய்கின்றன. சிறு தொட்டி வைப்போர் செய்ய வேண்டுவதெல்லாம், பெருநீர் தானாகச் செய்துகொள்ளும் இப்பணியைச் சிறுநீர்ப் பரப்பிலும் நடைபெறச் செய்வதே.

இவ்வுண்மையை நாடியே பண்டு ஓர் ஆங்கிலேய வேதியியலார் முனைந்தார். இராபர்ட் வாரிங்டன் என்ற அவர், இரண்டு தங்கமீன்களை நீர்ச்செடியோடு ஒரு தொட்டியில் வைத்தார். இலைகள் அழுகி நீர் கெடத் தொடங்கவே, அழுகலைத் தின்னும் குளத்து நத்தைகளையும் விட்டார். மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. 1850ஆம் ஆண்டில் அவர் இதனை அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன்களுக்கென ஒரு மாளிகையே எழுந்தது. நம் சென்னைக் கடற்கரையிலும் 1909இல் மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது, அது இன்றில்லை.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. உயிரொன்றை நம் இன்பத்துக்காக அடைத்து வைப்பது தகுமா? சிறுவர் அபூ உமைர் வளர்த்த குருவி இறந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் அதைப் பற்றி அன்புடன் விசாரித்த செய்தி நாம் அறிந்ததே. உணவும் நீரும் தந்து துன்புறுத்தாது பேணுவதாயின் பறவையை வளர்க்கலாம் என்பதற்கு மார்க்க அறிஞர்கள் அதனை ஆதாரமாகக் கொள்வர். பேணுவதாயின் என்னும் அச்சொல்லில்தான் முழுப் பொருளும் அடங்கியுள்ளது. வளர்ப்பவன் கையில் அவ்வுயிர் ஓர் அமானிதம்.

இனிக் கோவையின் நீரைப் பற்றிச் சிறிது. நம் ஊரார் தண்ணீரை இரண்டாகப் பகுப்பர்: நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர். சிறுவாணியின் சுவையைப் பற்றி நாம் சொல்லித்தான் வெளியூரார் அறிய வேண்டுமென்பதில்லை. மேற்கு மலையின் காட்டிலும் பாறையிலும் வடிந்து வருவதால் அதில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. மிகவும் மென்மையான நீர். ஆழ்துளைக் கிணற்றின் நீரோ அதற்கு நேர் எதிர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, வாளியில் வெண்படலம் படியும். மாந்தர்க்குச் சுவையளிக்கும் நீரே எல்லா மீன்களுக்கும் உகந்தது என்று கருதிவிடலாகாது. கப்பி, மோலி முதலிய மீன்கள் உப்புத் தண்ணீரில் செழிக்கும். டெட்ரா வகைகளுக்கு மென்னீரே விருப்பம். எந்தக் குழாயைத் திறக்கப் போகிறோம் என்பது முடிவான பின்னரே எந்த மீன் என்பதை முடிவு செய்தல் வேண்டும்.

மென்னீரிலும் ஓர் இடர் உண்டு. கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் தம் பணியின்போது நீரிலுள்ள காரத்தன்மையைச் செலவழிக்கின்றன. சிறுவாணி நீரில் அது முன்னரே சொற்பம்; அதுவும் தீர்ந்தால் நீர் புளித்துப்போகும், நுண்ணுயிர்களும் ஓய்ந்துவிடும். எனவே மூன்று பங்கு சிறுவாணி நீருக்கு ஒரு பங்கு உப்புத் தண்ணீர் எனக் கலப்பதென்று நாம் முடிவு செய்தோம். தொட்டிக்குள் வைக்கும் கல்லிலும் கருத்து வேண்டும். மதுக்கரைப் பக்கத்து வெண்கல் அழகாயிருக்கிறதென்று எடுத்து வைத்தால், அது சிமென்ட் ஆலைக்குச் செல்லும் சுண்ணாம்புக்கல். நாளடைவில் கரைந்து நீரைக் கடினமாக்கும். கல்லின்மேல் எலுமிச்சைச் சாற்றைச் சில துளி பிழிந்தால், நுரைப்பது சுண்ணாம்புக்கல் என்று தெரிந்துவிடும். இச்சோதனையைப் பேரனிடமே விட்டோம். வீட்டைச் சுற்றியிருந்த கற்கள் யாவும் அன்று எலுமிச்சைச் சாற்றில் குளித்தன.

தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். இரண்டு கன அடி என்பது 56 லிட்டர். மணலும் கல்லும் இட்டு, விளிம்புக்குச் சற்றுக் கீழே நிரப்பினால் நிகரமாய் 45 லிட்டர் நீர் நிற்கும். கண்ணாடியும் கல்லும் நீரும் சேர்ந்தால் ஓர் ஆளின் எடை உண்டு என்பதால், ஆடாத மேசை வேண்டும். மேசைக்கும் தொட்டிக்கும் இடையே தெர்மாகோல் அட்டை இட வேண்டும். இல்லையேல் சிறு மேடுபள்ளமும் கண்ணாடியில் விரிசல் காட்டும். வெயில் விழும் சன்னலருகே வைத்தால் பாசி பெருகும் ஆதலால் உட்சுவரோரம் இடம் கண்டோம். மணலைக் கலங்கல் தீரும்வரை அலசிப் பரப்பி, வேலம்பாசி நட்டு, நீர் நிரப்பி, குளோரினை முறிக்கும் சொட்டு மருந்து விட்டோம். முன்னாளில் புகைப்படக்காரர்கள் பயன்படுத்திய ஹைப்போ உப்பும் இவ்வேலையைச் செய்யும். காற்றுப் பம்பினால் இயங்கும் பஞ்சு வடிகட்டி ஒன்றும் பொருத்தினோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின் கருணையால் நம் ஊரில் நீரைச் சூடாக்கும் கருவி பெரிதும் வேண்டுவதில்லை.

தொட்டி வாங்கிய கடைக்காரர் நல்ல மனிதர்தாம். “மீனையும் இன்னைக்கே கொண்டு போங்க பாய். தண்ணி ஊத்தி விட்டாப் போதும், ஒண்ணும் ஆகாதுங்க” என்றார். நாம் ஆறு வாரம் கழித்து வருவதாகக் கூறவும், நம்மை ஏற இறங்கப் பார்த்தார். வெறுந்தொட்டியை ஆறு வாரம் ஓட விடுவோர் அவரிடம் அதிகம் வந்திருக்கமாட்டார்கள் போலும்.

அந்த ஆறு வாரந்தான் இக்கலையின் உயிர்நிலை. மீனில்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன்தீனியைப் பேரன் போட்டான். அது அழுகி அம்மோனியா எழும். அதைத் தின்னும் நுண்ணுயிர் எங்கிருந்தோ வந்து பஞ்சிலும் மணலிலும் குடியேறும். அது அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், நைட்ரைட்டும் நஞ்சே. பின்னர் மற்றொரு வகை வந்து அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அத்துணைக் கொடியதன்று, செடிக்கு உரமுமாகும். ஒன்றன் பணி முடியுமிடத்தில் மற்றொன்றன் பணி தொடங்கும் இவ்வொழுங்கை, 1890ஆம் ஆண்டையொட்டி ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி ஆராய்ந்து நிறுவினார். இரு பணியையும் தனித்தே செய்து முடிக்கும் நுண்ணுயிரும் உண்டு என்பது 2015இல் கண்டறியப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரிலும் படைத்தவன் வைத்த நுட்பத்துக்கு முடிவேது!

கண்ணுக்குத் தெரியாததைப் பிள்ளைக்கு எங்ஙனம் காட்டுவது? அதற்கென நீர்ச் சோதனைப் பெட்டி கிடைக்கிறது. சிறு கண்ணாடிக் குழாயில் தொட்டி நீரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டால் நிறம் மாறும். அம்மோனியாவுக்கு மஞ்சள் நலம், பச்சை தீது. நைட்ரைட்டுக்கு இளநீலம் நலம், ஊதா தீது. பேரன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டங்கள் வரைந்து, இரண்டு நாளுக்கொரு முறை கண்ட நிறத்தை வண்ணப் பென்சிலால் தீட்டி வந்தான். பத்தாம் நாள் பச்சை அழுத்தமாய் நின்றது. பதினெட்டாம் நாள் பச்சை வெளிறத் தொடங்க, ஊதா தலைகாட்டியது. அதன்பின் இரண்டு வாரம் ஊதா அசையவே இல்லை. “இன்னும் எத்தனை நாளுங்க நன்னா?” என்று கேட்டுக் கேட்டு அலுத்தவன், பின்னர் கேட்பதையே விட்டுவிட்டான். நமக்கும் உள்ளூரக் கலக்கந்தான். முப்பத்தெட்டாம் நாள் காலையில் அவனது கூச்சல் கேட்டு அடுக்களையிலிருந்து மகளும் ஓடிவந்தாள். குழாய் ஒன்றில் மஞ்சள்; மற்றொன்றில் தெளிந்த இளநீலம். “கிண்ணத்துல இந்தப் பூச்சியெல்லாம் இருந்திருக்காதுங்கல்ல நன்னா?” என்றான். இருந்திருக்க வழியில்லை, நாள்தோறும் கழுவிய கிண்ணத்தில் எது குடியேறும் என்றோம். அவன் நெடுநேரம் பேசாதிருந்தான்.

இனி எந்த மீன்? மிஸ் கேரளா என்று வணிகர் வழங்கும் செங்கோட்டு மீன் நம் மேற்கு மலையின் செல்வம். 1865இல் பிரான்சிஸ் டே, அந்நாளைய சென்னை ஆளுநர் டெனிசன் பெயரால் அதைப் பதிவு செய்தார். காட்டாறுகளில் அளவின்றிப் பிடிக்கப்பட்டு அருகிவரும் இனமாகிவிட்ட அது, நீண்ட தொட்டியில் கூட்டமாய் நீந்தும் இயல்பினது. நமக்கு வேண்டாம் என்று விட்டோம். டேங்க் கிளீனர் என்ற பெயரில் விற்கும் தென்னமெரிக்க மீனையும் மறுத்தோம். விரலளவில் வாங்கப்படும் அது ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் மக்கள் அதைக் குளத்தில் விட்டுவிடுவர். தமிழகத்திலும் கேரளத்திலும் நாட்டு மீன்களின் இடத்தை அது பறித்துவருகிறது.

முடிவில் வரிக்குதிரை மீன் ஆறு. பதினைந்து நாள் கழித்துச் செர்ரி பார்ப் ஆறு. முன்னது கங்கைச் சமவெளிக்குரியது. பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் எழுதிய கங்கை மீன்களைப் பற்றிய நூலில் இடம்பெற்றது. பின்னது இலங்கையின் தென்மேற்கு ஓடைகளுக்குரியது. 1929இல் தெரணியகல அதை விவரித்தார். இரண்டும் இரண்டங்குலத்துக்கு மேல் பெரிதாகா, கூட்டமாய் வாழ்பவை, நம் கலப்பு நீருக்கு இசைபவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாது இரு தவணையாக விட்டதும் நுண்ணுயிர்களுக்காகவே. உணவு பெருகும் அளவுக்கே அவை பெருகும்.

மீன்கள் வந்த அன்று பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, நீரின் வெப்பம் சமனான பின் தொட்டி நீரைச் சிறிது சிறிதாய்ப் பையினுள் ஊற்றி, வலையால் மீனை மட்டும் மொண்டு விட வேண்டும். எல்லாம் ஆயத்தமாயின. பேரன் வலையை நம்மிடம் நீட்டினான். “நீயே விடு” என்றோம். கைகள் பின்னால் சென்றன. மகள் அருகில் வந்து, ஒன்றும் கூறாது, அவன் கையைப் பற்றி வலையின் பிடியில் வைத்தாள். முதல் மீன் வலையிலிருந்து நழுவி, வேலம்பாசிக்குள் ஓடி ஒளிந்தது. ஆறாவது மீனை அவன் தனியாகவே விட்டான்.

அந்த வாரம் முழுதும் அவன் எழுந்தவுடன் எண்ணியது மீன்களைத்தான். ஆறும் இருந்தன, பின்னர் பன்னிரண்டும் இருந்தன. நாளைக்கொரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி. அதற்கு மேல் இடுவது அன்பாகத் தோன்றும்; ஆனால் நீருக்கு அது சுமை.

ஓராண்டு சென்றபின் ஒரு நாள் வரிக்குதிரை மீன் ஒன்று அடியில் இறந்து கிடந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பேரனே அதைக் கண்டான். நாம் நெஞ்சு படபடக்க நின்றோம். அவன் அழவில்லை, கைகளைப் பின்னால் கட்டவுமில்லை. சோதனைப் பெட்டியை எடுத்து வந்தான். துளிகளை எண்ணி விட்டான். மஞ்சள், இளநீலம். மற்ற மீன்களைச் சற்று நேரம் நோக்கினான். பின்னர் நம்மிடம் வந்து, “தண்ணியெல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க நன்னா. அதுக்கு வயசாயிருச்சாட்ட இருக்குது” என்றான். மகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நாம் கண்டும் காணாததுபோல் இருந்தோம்.

அண்மையில் உக்கடம் பெரியகுளத்தின் கரையில் அவனோடு உலாவச் சென்றோம். கரையில் இப்போது நடைபாதையும் விளக்குகளும் உண்டு, நீரிலோ ஆகாயத்தாமரை. நொய்யலின் வெள்ளத்தைத் தேக்க முன்னோர் வெட்டிவைத்த குளங்களில் நகரின் சாக்கடை பல்லாண்டாகக் கலந்து வந்தது. கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் குளத்திலும் உண்டு. ஆயின் அவற்றுக்கும் ஓர் அளவு உண்டு. “இந்தத் தண்ணிய யாருங்க நன்னா டெஸ்ட் பண்ணுவாங்க?” என்று பேரன் வினவினான். குழந்தை கேட்ட கேள்விதான். பெரியவர்கள் விடை கூற வேண்டிய கேள்வி.

வாரத்துக்கொரு முறை தொட்டியிலிருந்து ஒரு குடம் நீரை எடுத்துவிட்டு, கலந்து வைத்த புதுநீரை வார்க்கிறோம். எடுத்த நீரில் நைட்ரேட் மிகுந்திருப்பதால் அது வீணாவதில்லை. கொல்லைப்புறத்து மருதாணிக்கு அதை ஊற்றுவது பேரனின் பொறுப்பு. இவ்வாண்டு பெருநாளுக்கு அண்டை வீட்டார்க்கெல்லாம் கொடுத்த பின்னும் செடியில் இலை மிஞ்சியிருந்தது.